மரை போன ஹெட்

திருக்கழுக்குன்றத்தில் மலைப்படிகள் முடியும் இடத்தில் சுப்புராமனின் பூஜைச் சாமான் கடை. அந்தக் கடைவாசலில்தான் செங்கம்மாளின் கரும்பு ஜூஸ் வண்டி நின்றது. மலையேறி இறங்கி வருகிறவன், கழுகைப் பார்த்திருந்தாலும் பார்க்காவிட்டாலும், தொண்டை வறண்டுதான் வருவான். சாமி படம் வாங்க வேண்டும் என்ற நினைப்பு அவனுக்கு அப்புறம்தான் வரும். ஜூஸ் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது கடையில் தொங்கும் படங்களும் குங்குமச் சிமிழும் பிள்ளைகளுக்கான ஊதலும் கண்ணில் படும். சுப்புராமனுக்கு இது தெரியும். அதனால்தான் வாடகை கேட்காமல் அவளை நிற்க விட்டிருந்தார்.

இன்னொரு காரணமும் இருந்தது. சித்திரைத் தேர் ஓடுகிற அன்று தேர்வீதிகளில் கரண்டு கம்பிகளை அவிழ்த்துவிடுவார்கள். மோட்டார் வைத்த ஜூஸ் வண்டிகள் அத்தனையும் அன்றைக்குச் சும்மா நிற்கும். செங்கம்மாளின் வண்டியில் இருந்தது மண்ணெண்ணெய் இன்ஜின். வருஷத்திலேயே பெரிய கூட்டம் கூடுகிற நாளில் மலையடியில் ஓடுகிற ஒரே வண்டி அவளுடையது. சுப்புராமனின் மச்சினன் புதிதாக மோட்டார் வண்டி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு அந்த இடத்தைக் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தான். தேர் நாளைச் சொல்லித்தான் சுப்புராமன் அவனைத் தள்ளிப்போட்டு வந்தார். செங்கம்மாளின் இன்ஜின் நின்றுபோனால் அவள் அந்த இடத்தில் நிற்பதற்கு ஒரு நியாயமும் இல்லை. அது அவளுக்கும் தெரியும்.

இன்ஜின் பழையது. யாருடைய வயலிலோ பல வருஷம் தண்ணீர் இறைத்துவிட்டு வந்தது. செங்கம்மாளும் அவள் புருஷன் ஞானதாஸும் அந்த மாதிரி வயல்களில் நடவு நட்டும் கட்டு சுமந்தும் வளர்ந்தவர்கள். ஞானதாஸ் இப்போது கல்பாக்கத்தில் காண்ட்ராக்ட் ஆளாகப் போய்க்கொண்டிருந்தான். பைப்புகளை இழுத்து போல்ட்டு முடுக்குகிற வேலை. முடுக்குவது என்றால் ஸ்பானர் முனக வேண்டும், இல்லாவிட்டால் அது முடுக்கியதே இல்லை என்பது அவன் கணக்கு. செங்கம்மாளுக்கும் அதே கணக்குதான். கையில் பலம் இருக்கிறவரை எதற்கும் இன்னொரு ஆளைக் கூப்பிட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

கயிறு சுற்றி இழுத்துப் பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேண்டும். மண்ணெண்ணெயில் கரி அதிகம். அது பிளக்கில் படிந்து பொறி வராமல் போனால் இன்ஜின் இருமி இருமி நின்றுவிடும். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்து மறுபடி மாட்ட வேண்டும். இதற்கு முன்பு இன்ஜின் ஆற வேண்டும். ஆனால் இன்ஜின் நிற்பது எப்போதும் கூட்டம் நிற்கும்போதுதான். பாதி நசுங்கிய கரும்பு உருளையில் மாட்டிக்கொண்டு நிற்க, பத்து பேர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க, யார் ஆறவிடுவது?

செங்கம்மாளின் பக்கத்தில் ஐஸ் பெட்டி இருந்தது. அடியில் உருகிய தண்ணீர் எப்போதும் இருக்கும். ஒரு சொம்பு மொண்டு, பிளக் மாட்டியிருக்கிற மேல்மூடியான ஹெட்டின் மேல் ஊற்றுவாள். புஸ்ஸென்று ஆவி கிளம்பும். அடுத்த நிமிஷம் கை வைக்கலாம். பிளக் மட்டும் இறுகிக்கொள்ளும். ஸ்பானரின் தண்டில் ஒரு இரும்புப் பைப்பைச் சொருகி இழுத்தால் கிரீச்சென்று வந்துவிடும். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் இதைப் பார்த்து, பொம்பளையாக இருந்தாலும் கெட்டிக்காரி என்றார்கள்.

அந்த ஹெட் அலுமினியம். பிளக்கோ இரும்பு. சூட்டில் விரிந்திருக்கிற அலுமினியத்தின் மேல் ஐஸ் தண்ணீரை ஊற்றினால் அது சடாரென்று சுருங்கிப் பிளக்கைக் கவ்வும். அந்த நேரத்தில் இழுத்தால் ஹெட்டுக்குள் வெட்டியிருக்கிற திருகு மரை, பிளக்கின் மரையோடு பிய்ந்து வெளியே வரும். இதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை என்று சொல்ல முடியாது. தேர்வீதி முனையில் மொபெட்டும் பம்ப்செட் இன்ஜினும் பார்க்கிற பார்த்தசாரதி, மாசி மாதம் கரி எடுத்துக் கொடுத்தபோதே சொன்னான்.

"யக்கா, ஆறாம பிளக்குல கை வெக்காத. அலுமினியம் இது. வெண்ண மாரி."

செங்கம்மாள் சிரித்துவிட்டுப் போனாள்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை, மத்தியானக் கூட்டத்தில் இன்ஜின் நின்றது. தண்ணீர் ஊற்றினாள். பைப்பைச் சொருகி இழுத்தாள். பிளக் வழக்கத்தைவிடச் சுலபமாக வந்தது. அதன் மரையில் வெள்ளிக் கம்பி மாதிரி ஒன்று சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அது என்னவென்று அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. நகத்தால் பிய்த்துச் சக்கைக் குவியலில் போட்டாள். கீழே கிடந்த சிகரெட் பெட்டியிலிருந்து ஈயத்தாளைக் கிழித்துப் பிளக்கில் சுற்றினாள். மாட்டி, பைப்பைச் சொருகி, முனகுகிறவரை முடுக்கினாள். இன்ஜின் கிளம்பியது. நாலைந்து கிளாஸ் பிழிந்திருப்பாள். வேட்டு வெடித்த மாதிரி ஒரு சத்தம். பிளக் துள்ளி, குடித்துக்கொண்டு நின்றவர்களின் தலைக்கு மேலே பறந்து, சுப்புராமனின் கடைக்குள் போய், யாரோ கிரகப்பிரவேசத்துக்குச் சொல்லி வைத்திருந்த பெரிய முருகன் படத்தின் கண்ணாடியை உடைத்தது.

யாருக்கும் அடி இல்லை. சுப்புராமன் துணியால் பிளக்கைப் பிடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். இதில் கடைசியாகக் கை வைத்தது யார் என்று கேட்டார்.

"பார்த்தசாரதிதாங்க," என்றாள் செங்கம்மாள். "போன மாசம் அவன்தான் பிரிச்சு மாட்னான்."

யோசித்துச் சொன்னதில்லை. கேட்டதும் வாயில் வந்தது. பாதி உண்மையாக இருந்ததால் நாக்கில் தடங்கல் இல்லாமல் வந்தது.

ஆள் அனுப்பினார்கள். பார்த்தசாரதி கைகளை வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டே வந்தான். ஒரு மாதம் நன்றாக ஓடியதே, நான் சரியாக மாட்டாமல் இருந்தால் அன்றைக்கே பிடுங்கிக்கொண்டிருக்காதா என்று கேட்டான். அது நியாயமான கேள்விதான். கேட்க யாரும் தயாராக இல்லை. கூடி நின்றவர்களில் பாதிப்பேர் அவனிடம் வண்டி விட்டவர்கள். ஒருவனுக்குச் செயின் சத்தம், இன்னொருவனுக்கு ஆயில் ஒழுகல் என்று ஆளுக்கொரு பழைய ஆத்திரம். மெக்கானிக் என்றாலே திருடன்தானே என்றார் சுப்புராமன். பல பேரின் தலைக்கு மேலே போன பிளக், கொஞ்சம் தாழ்ந்திருந்தால் கொலைக்கேஸ் ஆகியிருக்கும் என்றார். பார்த்தசாரதி கடைசியில் செங்கம்மாளைப் பார்த்தான்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. தண்ணி ஊத்துனியா, ஊத்தலியா?"

"ஊத்தல."

அவன் திரும்பி நடந்தான். தன் செலவில் கண்ணாடி வாங்கி வந்து போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான்.

சித்திரை வந்துகொண்டிருந்தது. கொடியேற்றத்துக்குள் வண்டி ஓட வேண்டும், ஓடாத வண்டியை வாசலில் நிறுத்திவைத்து என்ன பண்ணுவது என்று சுப்புராமன் மரியாதையாகவே சொல்லிவிட்டார். செங்கம்மாள் மெக்கானிக் தேடிப் புறப்பட்டாள்.

புதுப்பட்டினத்தில் ஒருவன் ஓட்டையைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் சின்ன விஷயம் என்றான். பிளக்கில் நூலைச் சுற்றி, எம்சீல் பசையை அப்பி, காயவிட்டு மாட்டிக் கொடுத்தான். மறுநாள் அரைப் பகல் ஓடியது. பிறகு பிளக் நழுவி அவள் காலடியில் விழுந்தது. போய்க் கேட்டதற்கு, நீ கொடுத்த பிளக் போலி என்றான்.

மாமல்லபுரம் ரோட்டில் இன்னொரு பட்டறைக்கு ஞானதாஸும் கூட வந்தான். அங்கே இருந்தவன் இன்ஜினைத் தடவிப் பார்த்து, "இது செத்துப்போச்சும்மா, எடைக்குப் போட்டுடு," என்றான். தானே எடுத்துக்கொள்வதாகவும் சொன்னான். சொல்லும்போது அவன் கண் கார்புரேட்டரிலேயே இருந்ததை ஞானதாஸ் பார்த்தான். இல்லாவிட்டால் விட்டுவிட்டுப் போங்கள், நாளைக்குப் பார்க்கிறேன் என்றான் அவன். பட்டறையில் ராத்தங்குகிற இன்ஜின் வேறு இன்ஜினின் குடலோடு திரும்பி வரும் என்று செங்கம்மாள் கேள்விப்பட்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் படுக்க வைத்தவள் மாதிரி இன்ஜினை ஒட்டியே குந்தியிருந்தவள், எழுந்து புடவையை உதறிக்கொண்டாள். புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அதை மறுபடி பஸ்ஸில் ஏற்றினார்கள்.

கண்டக்டர் லக்கேஜுக்குச் சண்டை போட்டான். போட்டு முடித்த பிறகு, எதற்காக இந்த இன்ஜினுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறீர்கள் என்று கேட்டான். சொன்னார்கள். அவன் வாயைப் பொத்திச் சிரித்தான்.

"ஏம்மா, நாலு போல்ட்ட அவுத்தா ஹெட்டு தனியா வந்துடும். கூடையில போட்டு எடுத்துனு போலாம். முழு இன்ஜினுக்கும் எதுக்கு டிக்கெட்டு வாங்குற?"

செங்கல்பட்டில் லேத்துப் பட்டறை எதிலாவது கொடுத்தால், ஓட்டையைப் பெரிதாக்கி உள்ளே புஷ் என்கிற எஃகு வளையம் ஒன்றை இறக்கி, அதில் புது மரை வெட்டித் தருவார்கள் என்றும் அவன்தான் சொன்னான். இரண்டு மெக்கானிக்குகளும் சொல்லாததை அவன் டிக்கெட் கிழிக்கிற நேரத்தில் சொல்லி முடித்தான்.

மறுநாள் செங்கம்மாள் ஹெட்டைக் கழற்றி, துணியில் சுற்றி, காய்கறிக் கூடையில் வைத்துக்கொண்டு தனியாகப் போனாள். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் செங்கல்வராயன் என்பவரின் லேத்து. கொட்டகை முழுக்க இரும்புச் சுருள். அவர் ஹெட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சூடு ஆறுவதற்காக இருக்கும் துடுப்புகளில் படிந்திருந்த வெள்ளைக் கோடுகளை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"யாரு மெக்கானிக்கு?"

"நானேதாங்க எடுத்தாந்தேன்."

"அது தெரியுது. மாட்டப்போறது யாரு?"

"நானே மாட்டிக்குவேன்."

அப்படியானால் வேலை எடுக்க முடியாது என்றார். காரணமும் சொன்னார். வண்டிக்காரன் நேராக வருவான், இவர் புஷ் போட்டுத் தருவார், அவன் வீட்டில் போய்த் தன் பலத்தையெல்லாம் காட்டி முடுக்குவான், புஷ் பிளக்கோடு சேர்ந்து சுற்றும். அப்புறம் நாலு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து பட்டறை வாசலில் நின்று, உன் வேலை போலி என்பான். இவருக்கு மெக்கானிக் பதில் சொல்ல வேண்டும், மெக்கானிக்குக்கு வண்டிக்காரன் பதில் சொல்ல வேண்டும். அந்த வரிசை இல்லாமல் அவர் மெஷினைத் தொடுவதில்லை.

"இதுல பச்சத்தண்ணி ஊத்திக் கீறீங்க," என்றார்.

"நான் இல்லீங்க. மெக்கானிக்குதான்."

"அப்ப அந்த மெக்கானிக்கையே இட்டுனு வா."

திரும்பும் வழியெல்லாம் கூடை மடியில் இருந்தது. வீட்டில் ஞானதாஸ், யாராவது ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போனால் போதாதா, புதுப்பட்டினத்துக்காரனைக் கேட்கலாமே என்றான்.

"அவன் கையில புஷ்ஷ குடுத்தா அதுக்கும் எம்சீல் அப்புவான்," என்றாள்.

பாத்திரம் கழுவிக்கொண்டே யோசித்துப் பார்த்தாள். இந்த இன்ஜினைப் பார்த்த அத்தனை பேரும் எதையாவது வாங்கு, எதையாவது விற்றுவிடு என்றுதான் சொன்னார்கள். இதைச் செய்யாதே என்று சொன்னவன் ஒருத்தன்தான். அவனைத்தான் நாலு பேர் முன்னால் திருடனாக்கி அனுப்பியிருந்தாள்.

பார்த்தசாரதி கடையில் முன்பு எப்போதும் ஏழெட்டு வண்டி சாய்ந்திருக்கும். அன்றைக்கு ஒரே ஒரு மொபெட் நின்றது. அதன் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

"இன்னாம்மா?"

யக்கா என்ற அழைப்பு போய்விட்டது. செங்கம்மாள் ஹெட்டைத் தரையில் வைத்துச் செங்கல்பட்டில் நடந்ததைச் சொன்னாள். அவன் அதைத் தொடவில்லை.

"நான் தொட்டா நாளைக்கு இன்னொரு கண்ணாடி ஒடையும். அதுக்கும் நான்தான் அழுவணும்."

"ஊத்துனேன்பா. ஐஸ் தண்ணி. பைப்பு போட்டு இழுத்தேன்."

"எனக்குத் தெரியாததா? எங்கிட்ட சொல்லி இன்னாத்துக்கு? எங்க என் பேர சொன்னியோ அங்க போய் சொல்லு."

அங்கே சொன்னால் தன்னை அன்றைக்கே துரத்திவிடுவார்கள், மச்சினன்காரன் வண்டியோடு தயாராக நிற்கிறான் என்று சொன்னாள். அது உனக்கும் அவருக்கும் உள்ள சமாச்சாரம் என்றான் பார்த்தசாரதி. கொஞ்ச நேரம் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தான். கம்பிகள் ஓடி ஓடி நின்றன. வேலை முடியட்டும், கட்டாயம் சொல்கிறேன் என்றாள் அவள். எப்போது என்று அவன் கேட்டான். தேர் ஓடுவதற்குள் என்றாள்.

"எனக்கும் வேல வோணும்," என்றான் கடைசியில். "வரேன். நீ சொல்லணும்."

செங்கல்பட்டுக்கு இருவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். அவன் முன்னால் நின்றுகொண்டான், அவள் பின்னால் உட்கார்ந்தாள். செங்கல்வராயன் அவனைப் பார்த்து, இந்தத் தண்ணீர் வேலை உன்னுடையதா என்று கேட்டார். பார்த்தசாரதி பக்கத்துச் சுவரைப் பார்த்தான்.

"நான்தாங்க ஊத்துனேன்," என்றாள் செங்கம்மாள்.

அவர், சரி என்று ஹெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவ்வளவுதான். தெரியாத ஊரில், தெரியாத ஆளிடம் சொல்வதில் ஒன்றும் இல்லை.

ஓட்டையைத் துளைபோட்டு அகலமாக்கி, சுற்றிலும் பெரிய மரை வெட்டினார். எஃகுத் துண்டு ஒன்றை மெஷினில் மாட்டி, வெளியே அந்தப் பெரிய மரை, உள்ளே பிளக்குக்கான சின்ன மரை என்று புஷ் கடைந்தார். ஹெட்டை அடுப்பில் காட்டிச் சூடாக்கி, புஷ்ஷை முடுக்கி இறக்கினார். அது சுற்றாமலிருக்க ஓரத்தில் ஒரு ஆணி அடித்து அடைத்தார். பார்த்தசாரதி பிளக்கை விரலாலேயே சுற்றி இறக்கினான். ஆட்டம் இல்லை. கடைசிக் கால் சுற்றுக்கு மட்டும் ஸ்பானரைத் தொட்டான். இதற்கு மேல் வேண்டாமா என்று செங்கம்மாள் கேட்டாள். வேண்டாம் என்றான். அவளுக்கு அது முடுக்கின மாதிரியே தெரியவில்லை.

ஊருக்கு வந்து அடியில் புது கேஸ்கட் தகடு வைத்து ஹெட்டை மாட்டிக் கொடுத்தான். போல்ட்டுகளை ஒரு மூலை, அதற்கு எதிர் மூலை என்று மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினான். இன்ஜின் கிளம்பி, பழைய நாளைவிடச் சீராக ஓடியது. கொடியேற்றத்தன்று வண்டி சுப்புராமனின் கடைவாசலில் தன் இடத்தில் நின்றது.

செங்கம்மாள் சுப்புராமனிடம் அதைச் சொல்லவில்லை. முதல் நாள் கூட்டம் அதிகம், நேரமில்லை. இரண்டாம் நாள் சுப்புராமன் யார்மேலோ கோபமாக இருந்தார். ஞானதாஸ் ஒரேயடியாகச் சொல்லாதே என்றான். சொல்லி அவனுக்கு என்ன கிடைக்கப்போகிறது, கண்ணாடிக்கு உண்டானதை மட்டும் சத்தமில்லாமல் அவனிடம் கொடுத்துவிடலாம் என்றான். கொடுத்தும் பார்த்தாள். பார்த்தசாரதி வாங்கவில்லை. நினைவுபடுத்தவும் இல்லை. வேலை இல்லாத நேரத்தில் டீ குடிக்கப் போகிறவன் அவள் வண்டியைத் தாண்டித்தான் போக வேண்டும். இன்ஜின் சத்தத்தை மட்டும் காதால் கேட்டுக்கொண்டு போவான். அவளைப் பார்க்க மாட்டான்.

அறுபத்துமூவர் புறப்பாட்டு நாள். மலையைச் சுற்றிக் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. செங்கம்மாளின் பக்கத்தில் வெள்ளரிப் பிஞ்சு விற்கிற வேண்டா என்பவள், கீற்று போடப் போட மிளகாய்த்தூள் தீர்ந்துவிட்டது என்று கத்திக்கொண்டிருந்தாள். கல்பாக்கம் குவார்ட்டர்ஸ்காரர் ஒருவர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். கூட மனைவியும், தோளில் தூங்கும் குழந்தையும். வண்டி நின்றுபோய்விட்டது, பக்கத்தில் மெக்கானிக் இருக்கிறாரா என்று சுப்புராமனைக் கேட்டார்.

பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, செங்கல்பட்டு ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் ஒரு பட்டறை என்று சுப்புராமன் வழி சொன்னார். அந்த மனிதர் வெயிலைப் பார்த்தார். இங்கே தேர்வீதி முனையிலேயே ஒரு கடையைப் பார்த்தேனே என்றார்.

"அவன்கிட்ட மட்டும் போயிடாதீங்க. இதோ இந்தம்மா இன்ஜின அவன் பார்த்த லட்சணத்துல ஒரு உசுரு போயிருக்கும். நானே நடுத்தெருவுல நிக்க வெச்சு கண்ணாடிக்கு வசூல் பண்ணேன். நீயே சொல்லும்மா."

எல்லாரும் செங்கம்மாளைப் பார்த்தார்கள். அவள் கையில் இருந்த கரும்பு பாதி உருளைக்குள் போயிருந்தது. மீதியையும் தள்ளினாள். முதல்முறை அந்தப் பொய் தானாக வந்தது. இரண்டாம் முறை அதை யாரோ அவள் கையில் கொடுத்து, சொல் என்றார்கள். ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். அந்த மனிதர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார். தேர்வீதி முனையில் அந்தக் கடை இன்னும் ஒரு வண்டியை இழந்துவிட்டு நிற்கும். வாயைத் திறந்தாள்.

"அவன் ஒண்ணும் பண்ணலீங்க. நான்தான் கொதிக்கிற இன்ஜின்ல ஐஸ் தண்ணிய ஊத்திப் பிளக்க புடுங்குனேன். மரை பூட்ச்சு. ஊத்தாதன்னு அவன் முன்னாடியே சொன்னான். இப்ப ஓடுதே, இத சரி பண்ணதும் அவன்தான்."

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததால் கொஞ்சம் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. உரக்கச் சொன்னதால் நிறைய பேருக்குக் கேட்டது. ஸ்கூட்டர்காரர் நன்றி என்று சொல்லிவிட்டுத் தேர்வீதி முனையை நோக்கித் தள்ளிக்கொண்டு போனார்.

வேண்டா வெள்ளரி வெட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "ஏண்டி, இன்ஜினுக்கு புஷ் போட்டுக்கினு வந்தியே, உன் மண்டைக்கும் ஒண்ணு போட்டுக்கினு வந்திருக்கக் கூடாது?"

செங்கம்மாள் அடுத்த கரும்பை எடுத்தாள். சுப்புராமன் கடைக்குள் திரும்பினார். வந்தவர்களுக்கு விபூதிப் பொட்டலம் மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆனால் அன்று முழுவதும் அவர் கடைவாசலுக்கு வரவில்லை. சாயங்காலம் கூட்டம் குறைந்த பிறகு கூப்பிட்டார்.

"உன் பேச்ச நம்பி நாலு பேர் முன்னாடி அவன திருடன்னு சொன்னேன்."

"ஆமாங்க."

"இன்னிக்கு அதே நாலு பேர் என்னைப் பார்த்து சிரிச்சிட்டுப் போறானுங்க."

தண்ணீர் ஊற்றியதுகூட அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கண்ணாடியும் பெரிதில்லை. தன் வாயால் வந்த சொல் பொய்யாகிப்போனதுதான் அவரை அறுத்தது. அன்றைக்கே தனியாக வந்து சொல்லியிருந்தால் கண்ணாடியோடு போயிருக்கும் என்றார். சொல்லியிருந்தால் அன்றைக்கே துரத்தியிருப்பார் என்று செங்கம்மாள் நினைத்துக்கொண்டாள்.

"தேர் முடியட்டும். மறுநாள் எடத்த காலி பண்ணிடு."

"சரிங்க."

அவள் கெஞ்சவில்லை. ஞானதாஸ் மறுநாள் லீவு போட்டுவிட்டு வந்து கெஞ்சினான். எத்தனை வருஷமாக நிற்கிறோம் என்றான். மச்சினனிடம் வாக்குக் கொடுத்தாயிற்று என்று சொல்லிவிட்டு சுப்புராமன் படங்களுக்குத் தூசி தட்டினார். திரும்பி வரும்போது ஞானதாஸ் பெண்டாட்டியைத் திட்டிக்கொண்டே வந்தான்.

"நல்லா கீற இடத்த வாயாலயே வித்துட்ட. இப்ப நடுரோட்டுல போய் நில்லு."

"நின்னா நிக்கறேன்."

தேர் அன்று விடியற்காலையிலேயே கம்பிகளை அவிழ்த்தார்கள். தேர் நகர்ந்து, நின்று, முட்டுக்கட்டை போட்டு, மறுபடி நகர்ந்தது. வடம் பிடித்தவர்கள் வியர்வையில் நனைந்து வந்து வரிசையாகக் குடித்தார்கள். சுப்புராமனின் கடையிலும் ஆள் ஓயவில்லை. இன்ஜின் இரண்டு தடவை கரி பிடித்து நின்றது. இரண்டு தடவையும் செங்கம்மாள் சக்கைச் சாக்கின் மேல் உட்கார்ந்து காத்திருந்தாள். ஹெட்டின் மேல் கையை வைத்து வைத்துப் பார்த்தாள். இருக்கிறவர்கள் இருங்கள், போகிறவர்கள் போங்கள் என்றாள். சிலர் போனார்கள். ஆறிய பிறகு பிளக்கைக் கழற்றினாள். அதன் மரை சுத்தமாக இருந்தது.

மறுநாள் காலையில் அவளும் ஞானதாஸும் வண்டியைத் தள்ளிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் போனார்கள். செங்கல்பட்டு ரோட்டோரம், ஒரு கரண்டு கம்பத்தின் கீழே இடம் கிடைத்தது. நிழல் இல்லை. பஸ் போகும்போதெல்லாம் புழுதி எழுந்து கரும்பின் மேல் படிந்தது. அவர்கள் இறங்கிப் போகும்போதே மச்சினனின் மோட்டார் வண்டிக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டொரு நாள் கழித்து, காலையில் இன்ஜினைக் கிளப்புவதற்கு முன்னால், பார்த்தசாரதி சைக்கிளில் வந்தான். கேரியரில் ஸ்பானர் பை. புது கேஸ்கட் போட்ட ஹெட்டை, கொஞ்ச நாள் ஓடிய பிறகு ஒருமுறை மறுபடி முடுக்க வேண்டும், அதற்காக வந்ததாகச் சொன்னான். அவள் கூப்பிட்டிருக்கவில்லை. அவன் குனிந்து, ஒரு மூலை, எதிர் மூலை என்று நாலு போல்ட்டையும் தொட்டான். பிளக்கைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி விரலால் இறக்கினான்.

"சுப்புராமன் வந்தாரா உன்கிட்ட?" என்று கேட்டாள்.

"வரல. வண்டிங்க வருது."

கூலி கேட்டதற்கு, ஹெட் மாட்டிய அன்று வாங்கிய கூலியிலேயே இதுவும் சேர்த்தி என்றான். ஸ்பானர்களைத் துடைத்துப் பையில் போட்டான். சைக்கிளைத் திருப்பிப் பெடலில் கால் வைத்தவன், அவளைப் பார்க்காமலே சொன்னான்.

"வேலன்னா கூப்டு, வரேன். மத்தபடி எங்கிட்ட பேச்சு வெச்சுக்காத."

"சரி," என்றாள் செங்கம்மாள்.

அவன் போனான். அவள் கயிற்றைச் சுற்றி இழுத்தாள். முதல் இழுப்பில் வரவில்லை. இரண்டாவது இழுப்பில் இன்ஜின் கிளம்பி ஒரே சீராக ஓடியது. குடிக்க இன்னும் யாரும் வரவில்லை.